இராமநாதபுரம் கடலோர இளைஞர்களும் வேலைவாய்ப்புத் திட்டங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே எந்தத் திட்டங்களைப் பற்றிப் பேசுகிறோம்?

தொழில் கற்றுக்கொடுப்பதோடு நின்றுவிடாமல், கற்றவரைச் சம்பள வேலையில் அமர்த்தும் பொறுப்பையும் ஏற்றுக்கொள்ளும் அரசுத் திட்டங்களைப் பற்றியே முதன்மையாகப் பேசுகிறோம். அவற்றில் கிராமப்புற ஏழைக் குடும்பங்களுக்கென்றே அமைந்தது, 2014 செப்டம்பரில் தொடங்கப்பட்ட தீன்தயாள் உபாத்யாயா கிராமின் கௌசல்ய யோஜனா. தமிழ்நாட்டில் இதை மாநில ஊரக வாழ்வாதார இயக்கம் நடத்துகிறது. மாவட்டத்தில் மகளிர் திட்ட அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். இதனுடன் அரசு தொழிற்பயிற்சி நிலையங்கள், மாநிலத் திறன் மேம்பாட்டுக் கழகம், 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டம், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் முன்னேற்றத்துக்கான அரசுக் கழகமாகிய தாட்கோ ஆகியவையும் உள்ளன. 2018இல் மத்திய அரசு, வளர்ச்சியில் பின்தங்கியவற்றை ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ என்று தனிக் கவனத்துக்குத் தேர்ந்தெடுத்தபோது தமிழ்நாட்டிலிருந்து பட்டியலில் இடம்பெற்றவை விருதுநகரும் இராமநாதபுரமும்தான். ஆகவே இம்மாவட்டத்தில் திட்டங்களுக்குப் பஞ்சம் இல்லை. தொண்டியிலோ மூக்கையூரிலோ இருக்கும் ஓர் இளைஞர் அவற்றுக்குள் நுழைந்து, பயிற்சியை முடித்து, வேலையில் நிலைக்கிறாரா என்பதுதான் கேள்வி.

யார் சேரலாம்?

தீன்தயாள் திட்டத்தில் 15 முதல் 35 வயது வரையிலான கிராமப்புற ஏழைக் குடும்பத்து இளைஞர்கள் சேரலாம். பெண்கள், மாற்றுத்திறனாளிகள், திருநங்கையர், கொத்தடிமை நிலையிலிருந்து மீட்கப்பட்டோர் போன்றோருக்கு வயது வரம்பு 45. நாடளவில் பாதி இடங்கள் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும், 15 சதவீதம் சிறுபான்மையினருக்கும் ஒதுக்கப்பட வேண்டும் என்றும், பயிற்சி பெறுவோரில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும் விதி சொல்கிறது.

கடலோரத்தில் இதைப் பொருத்திப் பார்த்தால் பலதரப்பட்டோர் கண்முன் வருகிறார்கள்: சொந்தப் படகு இல்லாமல் பங்குக்குக் கடலுக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளைகள், வாலிநோக்கம் உப்பளக் கூலிகளின் பிள்ளைகள், சாயல்குடிப் பக்கத்துப் பனைத் தொழிலாளர் வீட்டார், சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுவோர், மண்டபம் அகதிகள் முகாமில் பிறந்து வளர்ந்த இலங்கைத் தமிழ் இளைஞர்கள். கடற்கரை என்றாலே மீனவர் மட்டும் என்று அலுவலகங்கள் எண்ணிக்கொள்வதால் மற்றவர்கள் கணக்கில் வராமல் போவதுண்டு.

பத்தாம் வகுப்பில் தவறியவருக்கு வழி இருக்கிறதா?

இருக்கிறது. அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதுமானது. இராமநாதபுரம், பரமக்குடி, முதுகுளத்தூர் ஆகிய ஊர்களில் இந்நிலையங்கள் உள்ளன. ஆண்கள் 40 வயது வரை சேரலாம்; பெண்களுக்கு உச்ச வயது வரம்பு இல்லை. பயிற்சிக் காலத்தில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பேருந்துப் பயண அட்டையும் உண்டு. கடற்கரைக் கிராமங்களிலிருந்து நாள்தோறும் போய்வருவது கடினம் என்பதால், விடுதி வசதி உள்ளதா என்பதைச் சேர்க்கைக்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆனாலும் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதி முடித்துவிடும்படியே எவருக்கும் சொல்வேன். அந்த ஒரு சான்றிதழ் இல்லாததால் அடைபடும் வாசல்கள் மிகப் பல.

பயிற்சிக்குக் கட்டணம் உண்டா?

தீன்தயாள் திட்டம் போன்ற குறுகிய காலப் பயிற்சிகளில் கட்டணம் இல்லை. தங்கிப் படிக்கும் பயிற்சியில் உணவும் விடுதியும் சீருடையும் இலவசம். "சீட்டு வாங்கித் தருகிறேன்" என்று யாரேனும் பணம் கேட்டால் அவர் இடைத்தரகர், கொடுக்க வேண்டாம்.

பயிற்சி முடித்தால் வேலை நிச்சயமா?

நிச்சயம் என்று யாரும் எழுதித் தருவதில்லை. தீன்தயாள் திட்டத்தில், பயிற்சி பெற்றோரில் குறைந்தது 70 சதவீதத்தினரைப் பயிற்சி நிறுவனம் வேலையில் அமர்த்த வேண்டும் என்பது நிபந்தனை. மூன்று மாதங்கள் தொடர்ந்து சம்பளம் பெற்றால்தான் ஒருவர் வேலையில் அமர்ந்ததாகக் கணக்கு. நிறுவனத்துக்கு வர வேண்டிய பிந்தைய தவணைகள் இந்தக் கணக்கோடு பிணைக்கப்பட்டிருப்பதால், உங்களை வேலையில் சேர்ப்பதில் நிறுவனத்துக்கும் அக்கறை இருக்கும். ஆனால் அந்த அக்கறை எந்த வேலை, எந்த ஊர், கழிவு போகக் கையில் எவ்வளவு என்பது வரை நீள வேண்டிய கட்டாயம் இல்லை.

எனவே சேருமுன் இரண்டு விவரங்களைக் கேளுங்கள். சென்ற முறை பயிற்சி முடித்தவர்கள் எந்த நிறுவனத்தில், எந்த ஊரில் சேர்ந்தார்கள்? அவர்களில் ஆறு மாதத்துக்குப் பிறகும் அங்கேயே இருப்பவர் யாரிடமாவது தொலைபேசியில் பேச முடியுமா? நல்ல பயிற்சி மையம் இதற்குத் தயங்காது. வகுப்பறையையும் கணினிகளையும் மட்டும் சுற்றிக்காட்டி அனுப்பிவைக்கும் மையத்தைப் பற்றி யோசிக்கத்தான் வேண்டும்.

கடலுக்குப் போனால் அன்றே கையில் காசு. பன்னிரண்டாயிரம் சம்பளத்துக்கு ஏன் சென்னைப் பக்கம் ஓரகடம் தொழிற்சாலைக்குப் போக வேண்டும்?

இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லாத திட்டம் எதுவும் இந்தக் கரையில் வேர்பிடிக்காது என்பது என் கருத்து. பெற்றோர்கள் இதைக் கேட்கும்போது, அவர்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று பயிற்சியாளர்கள் சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் பெற்றோர்கள் போடுவது சரியான கணக்கு.

விசைப்படகில் போகும் ஒருவருக்கு மீன்பாட்டை, அதாவது வலையில் சிக்கும் மீனின் அளவை, பொறுத்துப் பங்கு கிடைக்கிறது. பாடு நன்றாக இருந்தால் ஒரே பயணத்தில் நல்ல தொகை வரும். இல்லையென்றால் டீசல் செலவுக்கே சரியாகிவிடும். ஆனால் வருவது எதுவாயினும் கரை ஏறியதும் கைக்கு வந்துவிடுகிறது. வீட்டுச் செலவும் அன்றன்றைக்கு அதிலேயே ஓடுகிறது. மாதச் சம்பள வேலையில் அப்படியல்ல. ஜூலை மாதம் உழைத்த கூலி ஆகஸ்டு முதல் வாரத்தில்தான் வங்கிக் கணக்குக்கு வரும். மாத நடுவில் சேர்ந்தவருக்கு முதல் சம்பளம் பாதியாகத்தான் இருக்கும். அதற்குள் அறை முன்பணம், சாப்பாடு, பேருந்துக் கட்டணம், பாய், வாளி என்று செலவு வந்துகொண்டே இருக்கும். சொல்லப்படும் சம்பளத்திலிருந்து வருங்கால வைப்புநிதிக்கு அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதமும், தொழிலாளர் காப்பீட்டுக்கு 0.75 சதவீதமும் பிடிக்கப்படும். விடுதிக்கும் உணவுக்கும் நிறுவனம் தனியே கழித்தால் கையில் நிற்பது இன்னும் குறையும். இதை முன்கூட்டியே யாரும் சொல்லாதபோது, முதல் சம்பளத்தைப் பார்த்த பிள்ளை ஏமாந்துவிட்டோம் என்று எண்ணி இரவுப் பேருந்தைப் பிடித்து ஊருக்குத் திரும்பிவிடுகிறான். அவன் சோம்பேறி என்று ஊரும், பொறுப்பில்லாதவன் என்று மையமும் பேசுகின்றன. குறை அவனிடம் இல்லை. முதல் இரண்டு மாதங்களைக் கடக்கத் தேவையான கைக்காசு இல்லாததே காரணம்.

இதற்கென்றே தீன்தயாள் திட்டத்தில் ஓர் ஏற்பாடு இருந்தும், பலருக்கு அது தெரியவில்லை. வேலையில் சேர்ந்தவருக்கு மாதம் 1,000 ரூபாய் வேலைக்குப் பிந்தைய ஆதரவுத் தொகையாகத் தர வேண்டும். சொந்த மாவட்டத்திலேயே வேலை என்றால் இரண்டு மாதங்களுக்கும், மாநிலத்துக்குள் வேறு மாவட்டம் என்றால் மூன்று மாதங்களுக்கும், வெளிமாநிலம் என்றால் ஆறு மாதங்களுக்கும் இது கிடைக்கும். சிறிய தொகைதான். ஆனாலும் அறை வாடகையில் ஒரு பகுதிக்கு ஆகும் என்பதால், பயிற்சி நடக்கும்போதே இதைப் பற்றிக் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே இந்தத் தொகையை ஒரே தவணையாகக் கொடுத்தால் பாதிப் பிள்ளைகளாவது திரும்பி வரமாட்டார்கள் என்று நான் நம்புகிறேன்.

சம்பள வேலையின் பக்கத்திலும் நியாயம் உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்நாட்களில் அரசு ஒரு குடும்பத்துக்குத் தரும் நிவாரணம் 8,000 ரூபாய். புயல் எச்சரிக்கை நாட்கள், எல்லை தாண்டியதாகப் பிடிபட்டுப் படகு இலங்கையில் நின்றுவிடும் மாதங்கள் ஆகியவற்றையும் சேர்த்து ஓர் ஆண்டு வருமானத்தைப் பன்னிரண்டால் வகுத்துப் பார்த்தால், மாதச் சம்பளம் அவ்வளவு குறைவாகத் தோன்றாது. ஒரு வீட்டில் ஒரு பிள்ளையாவது மாதச் சம்பளத்தில் இருந்தால் தடைக்காலத்தில் வட்டிக்கு வாங்க வேண்டியதில்லை என்பதைப் பல குடும்பங்கள் அனுபவத்தில் கண்டிருக்கின்றன.

பயிற்சியில் எந்த மாதம் சேர்வது நல்லது?

தடைக்காலத்தில் பிள்ளைகள் சும்மா இருக்கிறார்கள் என்று ஏப்ரல் கடைசியில் மூன்று மாதப் பயிற்சியைத் தொடங்குவதுண்டு. ஜூன் நடுவில் படகுகள் கடலுக்கு இறங்குகின்றன. தடைக்குப் பின் வரும் முதல் நாட்களின் மீன்பாட்டை எந்த வீடும் விட்டுக்கொடுக்காது. வகுப்பறை அன்றே காலியாகும். விசைப்படகுக்குப் போய் வரும் குடும்பத்தினர், தடைக்காலத்துக்குள் முடிந்துவிடும் குறுகிய பயிற்சியைத் தேர்ந்தெடுப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களில் பத்து முதல் 45 நாட்கள் வரையிலான இலவசப் பயிற்சிகள் உண்டு. கைபேசி பழுதுபார்ப்பு, குளிர்சாதனப் பழுதுபார்ப்பு, தையல் போன்றவை அவற்றில் அடங்கும். நீண்ட பயிற்சியில் சேர்வதாக இருந்தால், அந்தப் பருவத்தில் கடலுக்குப் போவதில்லை என்று வீட்டில் முன்கூட்டியே பேசி முடிவெடுத்துக்கொள்ள வேண்டும்.

படகு உரிமையாளரிடம் முன்பணம் வாங்கியிருக்கிறோம். கடனை அடைக்காமல் வேறு வேலைக்குப் போக முடியுமா?

முடியும். கடன் கடனாகவே இருக்கும். அதைத் திருப்பித் தரும் பொறுப்பும் இருக்கும். ஆனால் முன்பணத்தைக் காட்டி, இன்னாரிடம்தான் உழைக்க வேண்டும், வேறெங்கும் போகக் கூடாது என்று ஒருவரைக் கட்டாயப்படுத்துவது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழில்முறை ஒழிப்புச் சட்டத்தின்படி குற்றம். தந்தை வாங்கிய பணத்துக்காக மகனைப் பிடித்துவைப்பதும் அவ்வாறே. ஊருக்குள் உறவும் நட்பும் கலந்து கிடக்கும் இவ்விஷயத்தில் எடுத்த எடுப்பில் புகார் கொடுப்பது பலருக்கு ஒத்துவராது என்பதை அறிவேன். மாதத் தவணையாகத் தருகிறேன் என்று பெரியவர்கள் முன்னிலையில் எழுதிக்கொடுத்துத் தீர்த்துக்கொண்டவர்களும் உண்டு. மிரட்டல் வந்தால் கோட்டாட்சியரிடமோ மாவட்ட ஆட்சியரிடமோ மனுக் கொடுக்கலாம்.

பெண் பிள்ளைகளை வெளியூர் அனுப்ப அச்சமாக இருக்கிறது. உள்ளூரிலேயே வழி உண்டா?

அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. மூன்று ஆண்டு வேலை செய்தால் திருமணச் செலவுக்கு மொத்தத் தொகை தருவோம் என்று சொல்லித் தென்மாவட்டப் பெண் பிள்ளைகளை நூற்பாலை விடுதிகளுக்கு அழைத்துச் சென்ற காலம் ஒன்று இருந்தது. அந்த விடுதிகளில் நடந்தவற்றை ஊர்கள் மறக்கவில்லை. சம்பளத்தை மாதந்தோறும் தராமல் கடைசியில் மொத்தமாகத் தருவோம் என்று எந்த நிறுவனம் சொன்னாலும் அனுப்ப வேண்டாம். சம்பளம் பெண்ணின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே வர வேண்டும். விடுதியிலிருந்து வெளியே போகவும், தொலைபேசியில் பேசவும் தடை இருக்கக் கூடாது. பெருநகரங்களில் வேலைக்குச் செல்லும் பெண்களுக்கென்று மாநில அரசின் தோழி விடுதிகள் இருக்கின்றன.

உள்ளூரில் பெண்கள் கையில் ஏற்கெனவே இருக்கும் தொழில் கடற்பாசி. மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் எடுத்துப் பழகிய பெண்கள் பாம்பன், மண்டபம், ஏர்வாடிப் பக்கங்களில் தலைமுறைகளாக இருக்கிறார்கள். மிதவைகளில் கப்பாபைகஸ் பாசி வளர்ப்பு இம்மாவட்டத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 45 நாட்கள். பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீத மானியம் உண்டு. தொண்டி அருகே வலமாவூரில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. இவ்வளவும் சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறினால் பாசி அழிகிறது. 2013ஐ ஒட்டிய ஆண்டுகளில் விளைச்சல் படுத்துவிட்டது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மிதவைகள் நிற்காது. இந்த அயல்நாட்டுப் பாசி பவளப்பாறைகளின் மேல் படர்ந்ததால் தேசியப் பூங்காவாகிய தென்கடல் (மன்னார் வளைகுடா) தீவுப் பகுதியில் இதை வளர்க்க முடியாது. ஆகவே இது வீட்டின் ஒரு வருமானமாக இருக்கலாமே தவிர, படித்து முடித்த பெண்ணுக்கு இதுவே போதும் என்று நிறுத்திவிடக் கூடாது.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்துக் கல்லூரியிலோ தொழிற்பயிற்சி நிலையத்திலோ சேரும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. ஆண்களுக்கு 2024 ஆகஸ்டு முதல் தமிழ்ப் புதல்வன் திட்டம் அதையே தருகிறது.

மீனவ இளைஞர்களுக்கென்று தனி வாய்ப்பு ஏதாவது?

தமிழ்நாடு காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம், மீனவர்களின் பிள்ளைகளை இந்தியக் கடலோரக் காவல்படையின் நாவிக் (மாலுமி) பணிக்கும் கடற்படைக்கும் தயார்செய்ய 90 நாள் பயிற்சி நடத்துகிறது. பயிற்சி இடங்களில் இராமநாதபுரமும் ஒன்று. உணவும் தங்குமிடமும் இலவசம். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையும் உண்டு. நாவிக் பொதுப்பணிக்குக் கணிதமும் இயற்பியலும் எடுத்துப் பன்னிரண்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். வயது 18 முதல் 22 வரை, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. அடிப்படைச் சம்பளம் 21,700 ரூபாய். உடற்தகுதித் தேர்வில் ஏழு நிமிடத்தில் 1.6 கிலோமீட்டர் ஓட வேண்டும்; இருபது முறை உட்கார்ந்து எழ வேண்டும்; பத்துத் தண்டால் எடுக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு இது பெரிய காரியமில்லை. அவர்கள் தடுக்கி விழுவது எழுத்துத் தேர்விலும், அதற்கு வெகு முன்பாகப் பதினோராம் வகுப்பில் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலும்தான். கணிதம் கடினம் என்று வேறு பிரிவில் சேர்ந்த அன்றே இந்த வாசல் மூடிவிடுகிறது. உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளமும், மண்டபத்தில் கடலோரக் காவல்படை நிலையமும் கண்ணெதிரே இருந்தும், பத்தாம் வகுப்பு மாணவர்களிடம் இதைச் சொல்லும் பள்ளிகள் குறைவு. சொல்ல வேண்டிய வயது அதுதான்.

பட்டதாரிகளான மீனவ இளைஞர்கள் இருபது பேருக்கு ஆண்டுதோறும் மீன்வளத்துறை குடிமைப்பணித் தேர்வுப் பயிற்சி அளிக்கிறது. கடலை விட்டுப் போக விரும்பாதவர்களுக்குக் காரங்காடு ஒரு முன்மாதிரி. அங்கே வனத்துறையுடன் சேர்ந்து ஊர் மக்களே அலையாத்திக் காட்டுக்குள் படகுச் சுற்றுலா நடத்துகிறார்கள்.

பட்டியல் சாதியினர், மாற்றுத்திறனாளிகள், திருநங்கையர் எங்கே அணுக வேண்டும்?

பட்டியல் சாதி, பழங்குடி இளைஞர்களுக்குத் தாட்கோ இலவசத் திறன் பயிற்சி தருகிறது; சொந்தத் தொழில் தொடங்க, திட்ட மதிப்பில் 35 சதவீதம், அதிகபட்சம் மூன்றரை இலட்சம் ரூபாய் வரை மானியமும் உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கு 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுப் பணியில் 4 சதவீத ஒதுக்கீடு உள்ளது. தனித்துவ அடையாள அட்டையை முதலில் பெற்றுக்கொள்ள வேண்டும். திருநங்கையருக்கு நலவாரியம் வழியாகச் சுயதொழில் மானியம் கிடைக்கிறது.

மண்டபம் முகாம் இளைஞர்களின் நிலை என்ன?

தமிழ்நாட்டு அரசு முகாம் இளைஞர்களுக்குத் திறன் பயிற்சி அளிக்கிறது; கல்லூரிக் கல்விக்கும் உதவுகிறது. இந்தியக் குடியுரிமை இல்லாததால் அரசுப் பணிக்கு விண்ணப்பிக்க இயலாது. இந்தியக் கடவுச்சீட்டும் கிடைக்காது. எனவே தனியார் வேலைக்கு நேரடியாக இட்டுச்செல்லும் பயிற்சியே அவர்களுக்குப் பயன் தரும். வெளியூரில் வேலை கிடைத்தால் முகாமில் ஆட்களைச் சரிபார்க்கும் தணிக்கை நாளில் இல்லாதது அரசு தரும் பணக்கொடையைப் பாதிக்கலாம்; சேருமுன் முகாம் அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி பெற்றுக்கொள்ள வேண்டும்.

வெளிநாட்டு வேலைக்கு முகவர் பணம் கேட்கிறார். எவ்வளவு நியாயம்?

கீழக்கரையும் தொண்டியும் கடல்கடந்து பிழைத்த ஊர்கள். இக்கேள்வி இங்கே வாராவாரம் வரும். பதிவுபெற்ற முகவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான வரியும் மட்டுமே வாங்கலாம். அதற்கும் இரசீது தர வேண்டும். முகவரின் பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் சரிபார்க்கலாம். பத்தாம் வகுப்பு தேறாதவர் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடியேற்ற அனுமதி பெற வேண்டும். அதைத் தவிர்க்கச் சுற்றுலா விசாவில் போகச் சொல்பவர் உங்களைச் சட்டப் பாதுகாப்பு இல்லாத இடத்துக்கு அனுப்புகிறார். 1978 முதல் இயங்கும் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் பதிவு செய்துகொள்வது பாதுகாப்பான வழி.

கப்பல் வேலைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த நிறுவனத்தில் ஆறு மாத ஜிபி ரேட்டிங் (கப்பலின் பொதுப்பணி மாலுமி) பயிற்சி முடிக்காமல், கப்பல் பணியாளருக்கான அடையாளச் சான்றாகிய சிடிசி புத்தகம் மட்டும் வாங்கித் தருவதாகச் சொல்வோரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டுத் தேடாதீர்கள்.

என்னென்ன ஆவணங்கள் தேவை?

ஆதார், குடும்ப அட்டை, கல்விச் சான்று, சாதிச் சான்று, வருமானச் சான்று, சொந்தப் பெயரில் வங்கிக் கணக்கு. தாமதம் பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான் நேர்கிறது: ஆதாரில் ஒரு பெயர், மாற்றுச் சான்றிதழில் இன்னொரு பெயர். தலைப்பெழுத்து முன்னும் பின்னும் மாறுவது, ஞானஸ்நானப் பெயர் ஒன்றில் மட்டும் இருப்பது, பிறந்த தேதி பொருந்தாதது ஆகியவற்றை இ-சேவை மையத்தில் முதலிலேயே திருத்திவிடுங்கள்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்வதால் இன்னும் பயன் உண்டா?

உண்டு. பதிந்து ஐந்து ஆண்டுகள் வேலை கிடைக்காத, குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மிகாதவர்களுக்கு மூன்று ஆண்டுகள் உதவித்தொகை கிடைக்கிறது: பத்தாம் வகுப்பு தவறியவருக்கு மாதம் 200, தேறியவருக்கு 300, பன்னிரண்டாம் வகுப்புக்கு 400, பட்டதாரிக்கு 600 ரூபாய். மாற்றுத்திறனாளிகளுக்கு ஓராண்டுப் பதிவே போதும், தொகையும் கூடுதல். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க மறந்தால் மூப்பு போய்விடும். அலுவலகம் நடத்தும் தனியார் வேலைவாய்ப்பு முகாம்களுக்கும் போய்வரலாம்.

வேலையை விட்டு ஊருக்குத் திரும்பிவிட்டேன். மறுபடி முயலலாமா?

தாராளமாக. பயிற்சிச் சான்றிதழ் செல்லாமல் போய்விடாது. பயிற்சி மையத்திடமே வேறு நிறுவனத்தில் இடம் கேட்கலாம். சொல்லாமல் வந்திருந்தால் பழைய நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சலாவது அனுப்பிப் பணியிலிருந்து விடுவித்த கடிதமும், உழைத்த நாட்களுக்கான பாக்கிச் சம்பளமும் கேளுங்கள். உழைத்த நாட்களின் சம்பளம் உங்கள் உரிமை. சம்பளச் சீட்டில் இருக்கும் வருங்கால வைப்புநிதியின் பன்னிரண்டு இலக்க எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த நிறுவனத்தில் அதையே கொடுக்க வேண்டும். முதல் வேலை என்று சொல்லிப் புதிய எண் வாங்கிவிட்டால், பழைய கணக்கில் கிடக்கும் பணத்தை ஒன்றுசேர்ப்பதற்குள் அலைச்சல் மிகுந்துவிடும்.